கந்தக ரயில் கிளம்புகிற இடம்

அபுதாபியின் தெற்கே, லிவா பாலைவனச்சோலைப் பக்கம், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மணல்மேடுகள் மட்டுமே தெரிகிற ஓர் இடத்திலிருந்து ஒரு ரயில் கிளம்புகிறது. 110 வேகன்கள். ஒரே நடையில் 11,000 டன் வரை சரக்கு. பயணிகள் யாரும் கிடையாது. வேகன்கள் மூடியிருப்பதால் உள்ளே என்ன போகிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மூடியைத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டும். அடடா! பளீரென்ற மஞ்சள் நிறத்தில், சில மில்லிமீட்டர் அளவு மணிகளாக, வேகன் நிறையக் கந்தகம்!

இந்தக் கந்தகத்தை யாரும் சுரங்கம் வெட்டி எடுக்கவில்லை. சற்று முன்புவரை இது பூமிக்கடியில் எரிவாயுவோடு கலந்து, ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சுவாயுவாக இருந்தது. ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடக்கூடிய வாயு அது. அதை எரிவாயுவிலிருந்து பிரித்து, நச்சை முறித்து, கையில் அள்ளக்கூடிய மணியாக்கி, ரயிலேற்றி அனுப்புகிறார்கள். தினமும் இது நடக்கிறது! எண்ணெய், எரிவாயுத் தொழிலில் என்னை அதிகம் மயக்குகிற வேலை எது என்று கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

இடத்தின் பெயர் ஷா. வாருங்கள், வேலிக்கு அந்தப் பக்கம் என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

இவ்வளவு மோசமான வாயுவா!

எரிவாயு என்றால் மீத்தேன் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் கிணற்றிலிருந்து வருவது தனி மீத்தேன் அல்ல. அதோடு நீராவி, கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, மெர்காப்டன் என்னும் நாற்றக் கந்தகச் சேர்மங்கள், சில இடங்களில் பாதரச ஆவிகூட ஏறி வரும். கந்தகம் இல்லாத வாயுவை இத்துறைக்காரர்கள் ‘ஸ்வீட் கேஸ்’ என்பார்கள். கந்தகம் கலந்தது ‘சவர் கேஸ்’.

ஷாவில் வருவது சவர் கேஸிலேயே மிகக் கடுமையான வகை. அதில் சுமார் 23 சதவீதம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, சுமார் 10 சதவீதம் கரியமில வாயு. மூன்றில் ஒரு பங்கு வேண்டாத சரக்கு! கணக்கைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தால்தான் இதன் அழகு புரியும். கிணற்றுவாயுவில் 10 லட்சம் மூலக்கூறுகளை எடுத்தால் அதில் 2,30,000 மூலக்கூறுகள் ஹைட்ரஜன் சல்ஃபைடு. விற்பனைக் குழாயில் உலகின் பல இடங்களில் அனுமதிக்கிற அளவோ 10 லட்சத்துக்கு வெறும் 4. இரண்டு லட்சத்து முப்பதாயிரத்திலிருந்து நான்கு! அதுவும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிற வாயுவில், இரவு பகலாக.

இத்தனை நஞ்சு எங்கிருந்து வந்தது? பழங்காலக் கடல்கள் வற்றியபோது படிந்த சல்ஃபேட் தாதுக்கள் ஆழத்தில் கிடக்கின்றன. 100 டிகிரியை வெகுவாகத் தாண்டும் அந்தச் சூட்டில், லட்சக்கணக்கான ஆண்டுகள் அவை ஹைட்ரோகார்பன்களோடு வினைபுரிந்ததில் பிறந்ததுதான் இந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு.

இவ்வளவு நச்சோடு மல்லுக்கட்டப் பெரிய நிறுவனங்களே யோசித்தன. ஷா திட்டத்தில் கூட்டாளியாக இருந்த கோனோகோபிலிப்ஸ் 2010-இல் விலகிக்கொண்டது. 2011-இல் ஆக்சிடென்டல் வந்து சேர்ந்தது. அபுதாபி அரசின் அட்னாக் 60 சதவீதமும் ஆக்சிடென்டல் 40 சதவீதமும் பங்கு வைத்திருக்க, 2015-இல் ஆலை ஓடத் தொடங்கியது. தினமும் 100 கோடி கன அடி வாயு உள்ளே போகும்படி கட்டப்பட்ட ஆலையிலிருந்து, விற்பனைக்கு வெளியே வருவது அதில் பாதி, சுமார் 50 கோடி கன அடி. மீதி? கந்தகமாகவும் கரியமில வாயுவாகவும், தனியே பிரித்து விற்கிற திரவ ஹைட்ரோகார்பன்களாகவும் பிரிந்துபோகிறது.

தாடியை எடுத்துவிட்டு வாருங்கள்

சவர் கேஸ் ஆலைக்குள் போகிறவர்களுக்கு முதல் கட்டளை என்ன தெரியுமா? முகத்தை மழித்துவிட்டு வரவேண்டும். அழகுக்காக அல்ல. கசிவு ஏற்பட்டால் மாட்டிக்கொள்ள வேண்டிய சுவாச முகமூடியின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டி உட்கார வேண்டும். இடையில் நான்கு நாள் தாடி இருந்தால் போதும், அந்த முள்ளுக்கு நடுவே வாயு நுழைந்துவிடும். அதனால்தான் இத்தகைய தளங்களில் தாடிக்குத் தடை.

அடுத்து, சட்டைக் காலருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மானிட்டர் குத்திக்கொள்ள வேண்டும். இடுப்பிலோ பாக்கெட்டிலோ வைத்தால் ஆகாது. நாம் எந்தக் காற்றை மூச்சாக இழுக்கிறோமோ, அதே காற்றை அதுவும் முகர வேண்டும். பத்து லட்சத்தில் 10 பங்கு என்றாலே பெரும்பாலும் அது கத்தத் தொடங்கிவிடும்.

மூக்கு இருக்கும்போது மானிட்டர் எதற்கு என்று கேட்கலாம். இந்த வாயுவின் பயங்கரமே அங்கேதான் இருக்கிறது. அழுகிய முட்டை நாற்றத்தை நம் மூக்கு பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழேயே பிடித்துவிடும். ஆனால் அளவு 100-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் மோப்ப நரம்பு மரத்துப்போகும். நாற்றம் சட்டென நின்றுவிடும். ‘அப்பாடா, போய்விட்டது’ என்று நினைக்கிற நொடியில்தான் ஆபத்து உச்சத்தில் நிற்கும். 500-ஐத் தாண்டினால் நிமிடங்களில் மயக்கம். 1,000-ஐ நெருங்கினால் ஒன்றிரண்டு மூச்சுதான்.

இன்னொன்று, இது காற்றைவிடக் கனமானது. பள்ளத்திலும் கால்வாயிலும் போய்த் தேங்கும். அதனால் ஆலையில் எங்கு நின்றாலும் கண்ணில் படும்படி காற்றுப்பைகள் கட்டியிருப்பார்கள். சங்கு ஊதினால் முதலில் அண்ணாந்து அந்தப் பையைப் பார்க்க வேண்டும். காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசை நோக்கி, மேட்டை நோக்கி நடக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கக் கூடாது. முதலில் தன் முகமூடி, பிறகுதான் அவர். இந்த ஒரு விதியை மீறியதால் காப்பாற்றப் போனவர்கள் அடுத்தடுத்து விழுந்த விபத்துகள் உலகெங்கும் நிறைய.

விதிகள் ஏன் இவ்வளவு கறார் என்பதற்கு ஒரு தேதி போதும். 2003 டிசம்பர் 23. சீனாவின் சோங்சிங் பகுதியில், கை கவுண்டியில், ஒரு சவர் கேஸ் கிணறு இரவில் கட்டுமீறிப் பீறிட்டது. மலையடிவாரக் கிராமங்களுக்குள் வாயு இறங்கியது. 243 பேர் இறந்துபோனார்கள். இந்தத் துறையில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த இரவு ஒரு பாடம்.

எஃகையே விரிசல் விடவைக்கும் வித்தை

மனிதரை மட்டுமா? எஃகையும் இது விட்டுவைப்பதில்லை. ஈரம் இருக்கிற இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு எஃகோடு வினைபுரியும்போது ஒற்றை ஹைட்ரஜன் அணுக்கள் பிறக்கும். சாதாரணமாக அவை ஜோடி சேர்ந்து வாயுவாகக் கிளம்பிவிடும். இங்கே சல்ஃபைடு அந்த ஜோடி சேர்தலைத் தடுத்துவிடுகிறது. தனியாக நிற்கிற குட்டி அணுக்கள் எஃகுக்குள்ளேயே புகுந்துவிடுகின்றன. வெளியே பளபளவென்று நிற்கிற குழாய், உள்ளே நொய்ந்துபோய், ஒருநாள் முன்னறிவிப்பே இல்லாமல் விரிசல் விடும்!

1951 டிசம்பரில் பிரான்ஸின் தென்மேற்கே லாக் என்ற ஊரில் துளையிட்டவர்கள் இதை நேருக்கு நேர் சந்தித்தார்கள். சுமார் 15 சதவீத ஹைட்ரஜன் சல்ஃபைடோடு வாயு பீறிட்டது. கையிலிருந்த எஃகு தாங்கவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இந்த வாயுவைத் தாங்கக்கூடிய புது எஃகையே உருவாக்கிவிட்டு, 1957-இல் உற்பத்தியைத் தொடங்கினார்கள்! 2013 வரை அந்த வயல் வணிக உற்பத்தியில் இருந்தது.

பாடம் இன்னும் முடியவில்லை. கஜகஸ்தானின் கஷகான் வயல் 2013 செப்டம்பரில் உற்பத்தியைத் தொடங்கிய சில வாரங்களுக்குள் குழாயில் விரிசல் கண்டு நின்றுபோனது. கடலடிக் குழாய்களை முழுசாக மாற்றிய பிறகே, 2016-இல் மறுபடி ஓடியது. அதனால் சவர் கேஸ் ஆலையில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒவ்வொரு வெல்டிங்குக்கும் கடினத்தன்மைக்கு உச்சவரம்பு உண்டு. எஃகு அளவுக்கு மீறி உறுதியாக இருந்தால் இங்கே அதுவே குறை, சற்று மிருதுவான எஃகுதான் பிழைக்கும். எனக்கு இது எப்போது படித்தாலும் வியப்பு!

வாயுவைக் குளிப்பாட்டும் கோபுரம்

இப்போது ஆலையின் இதயத்துக்கு வந்துவிட்டோம். நிமிர்ந்து பாருங்கள், வானுயர்ந்து நிற்கிற அந்த எஃகுக் கோபுரம்தான் அப்சார்பர். உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள். கீழிருந்து சவர் கேஸ் மேலேறுகிறது. மேலிருந்து அமீன் என்னும் ரசாயனம் கலந்த நீர் தட்டுத் தட்டாக வழிந்து இறங்குகிறது. இரண்டும் ஒவ்வொரு தட்டிலும் மோதிக் கொப்பளிக்கின்றன. அமீன் காரத்தன்மை கொண்டது. ஹைட்ரஜன் சல்ஃபைடும் கரியமில வாயுவும் நீரில் அமிலத்தன்மை காட்டுபவை. பார்த்தவுடன் ஒட்டிக்கொள்கின்றன! மீத்தேனுக்கு இந்த விவகாரத்தில் ஆர்வமே இல்லை. அது தன் பாட்டுக்கு மேலே ஏறி, சுத்தமாக உச்சியில் வெளியேறிவிடுகிறது.

வித்தையின் இரண்டாம் பாதி இன்னும் அழகு. நஞ்சைச் சுமந்த ‘ரிச் அமீன்’ அடுத்த கோபுரத்துக்குப் போகிறது. அங்கே அழுத்தத்தைக் குறைத்து, சுமார் 120 டிகிரிக்குச் சூடேற்றுகிறார்கள். பிடித்த பிடியை அமீன் அப்படியே விட்டுவிடுகிறது. நஞ்செல்லாம் மேலே வாயுவாகப் பிரிய, ‘லீன் அமீன்’ ஆறவைக்கப்பட்டு, மறுபடி முதல் கோபுரத்தின் உச்சிக்கு. குளிரும் அழுத்தமும் சேர்ந்தால் பிடிக்கும், சூடும் தளர்வும் சேர்ந்தால் விடும். ஒரே அமீன் ஆண்டுக்கணக்கில் சுற்றிச் சுற்றி வந்து இதையே செய்கிறது. அமெரிக்காவின் ஆர். ஆர். பாட்டம்ஸ் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றது 1930-இல். கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன, இன்றும் இதை அடித்துக்கொள்ள வேறு முறை பெரிதாக வரவில்லை!

ஆனால் அமீனுக்கும் கோபம் வரும். அந்தக் கோபத்தின் பெயர் நுரை. கோபுரத்துக்குள் நுரை பொங்கிவிட்டால் தட்டுகளில் திரவம் இறங்காது, வாயுவோடு சேர்ந்து மேலே அடித்துக்கொண்டு போகும். சுத்தம் கெடும், அமீனும் வீணாகும். அதற்காக ஆய்வகத்தில் நடக்கிற ஒரு சின்னச் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கண்ணாடி உருளையில் கொஞ்சம் அமீன் மாதிரி. அடியிலிருந்து காற்றைக் குமிழியிட விடுகிறார்கள். நுரை எழும்புகிறது. எவ்வளவு உயரம் ஏறியது என்று குறிக்கிறார்கள். காற்றை நிறுத்திவிட்டு, நுரை எத்தனை நொடியில் அடங்குகிறது என்று கடிகாரத்தில் பார்க்கிறார்கள். நல்ல அமீன் என்றால் நுரை சட்டென உடைந்து தெளிந்துவிடும். நுரை விடாப்பிடியாக நின்றால் எங்கோ எண்ணெய்த்துளியோ இரும்புச் சல்ஃபைடுத் தூசியோ கலந்திருக்கிறது என்று பொருள். நிறமும் பேசும். தெளிந்த வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டியது கறுத்தோ பச்சையோடியோ வந்தால், பார்த்தவுடனே பழகிய ஆபரேட்டருக்கு விஷயம் பிடிபட்டுவிடும்.

நுரை வராமல் இருக்க ஓர் எளிய உபாயமும் வைத்திருக்கிறார்கள். கோபுரத்துக்குள் நுழையும் அமீன், நுழையும் வாயுவைவிடச் சுமார் 5 டிகிரி கூடுதல் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த அமீன் பட்டால் வாயுவில் உள்ள கனமான ஹைட்ரோகார்பன்கள் துளியாகி உள்ளேயே விழுந்துவிடும், நுரைக்கு அதுவே காரணமாகும். வெறும் 5 டிகிரி வித்தியாசத்தில் ஒரு பிரம்மாண்ட ஆலையின் நிம்மதி அடங்கியிருக்கிறது!

இரும்புச் சல்ஃபைடு என்றேன் இல்லையா, அதன் குணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஷட்டவுன் காலத்தில் பாத்திரங்களைத் திறக்கும்போது சுவரில் கறுப்புத் தூளாக ஒட்டியிருக்கும். காற்று பட்டதும் தானாகவே தீப்பிடிக்கும் தன்மை அதற்கு உண்டு! தீக்குச்சி வேண்டாம், பொறி வேண்டாம். அதனால் திறப்பதற்கு முன்பே அதை நீரால் நனைத்து, ஈரம் காயவிடாமலே சுரண்டி எடுக்கிறார்கள்.

நெருப்புக்குள் பிறக்கும் தங்கநிறத் திரவம்

பிரித்தெடுத்த நஞ்சை என்ன செய்வது? வானத்தில் எரித்துவிட்டால் கந்தக டை ஆக்சைடாகி அமில மழையாக இறங்கும். இங்கேதான் கார்ல் ஃபிரெடரிக் கிளாஸ் வருகிறார். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் வேலை செய்த வேதியியலர். சோடா ஆலைக் கழிவிலிருந்து கந்தகத்தை மீட்க வழி தேடியவர் 1883-இல் பெற்ற காப்புரிமைதான் இன்று சவர் கேஸ் ஆலைகளில் அவர் பெயரால் ஓடுகிறது. 1930-களில் ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் அதைத் திருத்தி இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தது.

கணக்கு என்னவோ பள்ளிப் பாடம்தான். ஹைட்ரஜன் சல்ஃபைடில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் உலையில் எரிக்கிறார்கள். அது கந்தக டை ஆக்சைடாகிறது. அந்த டை ஆக்சைடு, எரியாமல் மிச்சமிருக்கும் இரண்டு பங்கு ஹைட்ரஜன் சல்ஃபைடோடு சேர்கிறது. இரண்டும் நச்சு. சேர்ந்தால் கிடைப்பது? கந்தகமும் தண்ணீரும்! இரண்டு விஷங்கள் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. இதற்கு மேல் ஒரு வேதிவினையிடம் என்னதான் எதிர்பார்க்க முடியும்!

உலைக்குள் 1,000 டிகிரிக்கு மேல் தகிக்கிறது. கண்ட்ரோல் ரூமில் பேனல் முன் உட்கார்ந்திருப்பவரின் கண் முழுக்கக் காற்றின் அளவில்தான் இருக்கும். காற்று கொஞ்சம் கூடினால் டை ஆக்சைடு மிஞ்சும், குறைந்தால் சல்ஃபைடு மிஞ்சும். இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் பிசகக் கூடாது. இந்த உலையின் சூட்டையும் வீணாக்குவதில்லை. பக்கத்திலேயே பாய்லர் வைத்து நீராவியாக்குகிறார்கள். அந்த நீராவிதான் அமீனைச் சூடேற்றப் போகிறது. அதாவது, பிடிபட்ட நஞ்சு எரிந்து தரும் வெப்பம் அடுத்த நஞ்சைப் பிடிக்க உதவுகிறது!

உலையிலேயே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கந்தகம் உருவாகிவிடும். பிறகு வினையூக்கிப் படுக்கைகள் வழியாகப் போய், ஒவ்வொரு படுக்கைக்குப் பிறகும் குளிர்ந்து, கந்தகம் திரவமாகக் கீழே இறங்குகிறது. இறங்கும் வழியில் ஒரு சின்னப் பெட்டி, அதற்கு ஒரு மூடி. முகமூடி அணிந்த ஆபரேட்டர் அதை மெல்லத் திறக்கிறார். உள்ளே, கட்டைவிரல் தடிமனுக்கு, தேனின் நிறத்தில், சத்தமே இல்லாமல் வழிந்துகொண்டிருக்கிறது உருகிய கந்தகம்! தெளிவாக, சீராக வழிந்தால் ஆலை நலம். கறுத்திருந்தால் ஹைட்ரோகார்பன் எங்கோ உள்ளே புகுந்துவிட்டது. வழிதல் நின்றிருந்தால் குழாயில் எங்கோ உறைந்துவிட்டது. எத்தனை கருவிகள் வந்தாலும், அந்தப் பெட்டியைத் திறந்து கண்ணால் பார்க்கிற பழக்கம் போகவில்லை.

உருகிய கந்தகத்தின் சேட்டையைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. சுமார் 119 டிகிரியில் உருகி, 150 வரை நீர் போல ஓடும். சரி, இன்னும் சூடேற்றினால் இன்னும் இளகும் என்றுதானே நினைப்போம்? 159 டிகிரியைத் தாண்டியதும், வெல்லப்பாகு பதம் ஏறுவதைப் போல, அது கெட்டியாகத் தொடங்கிவிடும்! எட்டு எட்டு அணுக்களாக வளையம் கட்டியிருந்த மூலக்கூறுகள் அந்தச் சூட்டில் அறுந்து, ஒன்றோடொன்று கோத்து நீளச் சங்கிலிகளாகிவிடுகின்றன. பிசுபிசுப்பு பல ஆயிரம் மடங்கு கூடிவிடும், நிறமும் சிவந்து கருக்கும். ஆகவே குழாய்க்கு மேல் குழாய் போர்த்தி, இடையில் நீராவி விட்டு, 120-க்குக் கீழே இறங்காமலும் 159-ஐத் தொடாமலும் அந்த நூலிழை வரம்புக்குள்ளேயே கந்தகத்தைக் கொண்டுபோகிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு, கடைசியில் மிஞ்சும் ‘வால்வாயு’வில் சில சதவீதம் கந்தகம் தப்பியோடப் பார்க்கும். விடுவார்களா? அதிலுள்ள எல்லாக் கந்தகச் சேர்மங்களையும் ஹைட்ரஜனோடு சேர்த்து மறுபடி ஹைட்ரஜன் சல்ஃபைடாகவே மாற்றி, மறுபடி அமீனில் பிடித்து, மறுபடி உலை வாசலுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். இப்படி 99.8 சதவீதத்துக்கும் மேலே மீட்டுவிட முடிகிறது.

தண்ணீரும் பாதரசமும்

கந்தகம் போனது. மற்றவை? முதலில் தண்ணீர். அழுத்தமான குழாயில் மீத்தேனும் நீரும் சேர்ந்தால் ஹைட்ரேட் என்னும் பனிக்கட்டி போன்ற பொருளாக உறையும். பூஜ்யம் டிகிரிக்கு மேலேயே, சில நேரம் 15 டிகிரியில்கூட உறையும்! குழாய்களை அடைப்பது இதுதான் என்று 1934-இல் ஹாமர்ஷ்மிட் என்ற அமெரிக்கர் காட்டிய பிறகுதான், வாயுவை உலர்த்துவது கட்டாயமாயிற்று. கிளைக்கால் என்னும் திரவத்தில் வாயுவைக் கழுவினால் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். கிளைக்காலைச் சுமார் 200 டிகிரிக்குச் சூடேற்றினால் ஈரம் பறந்துவிடும், மறுபடி பயன்படுத்தலாம்.

பாதரசம் இன்னும் நுணுக்கமான ஆள். கண்ணுக்கே தெரியாத அளவில் வரும். ஆனால் வாயுவை மைனஸ் 162 டிகிரியில் திரவமாக்கும் ஆலைகளில் வெப்பமாற்றிகள் அலுமினியத்தால் ஆனவை. பாதரசம் அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும். 1973-இல் அல்ஜீரியாவின் ஸ்கிக்டா ஆலையில் அப்படித்தான் ஒரு வெப்பமாற்றி பழுதாகி, உலகமே விழித்துக்கொண்டது. இந்தப் பாதரசத்தைப் பிடிக்க என்ன வைக்கிறார்கள் என்று கேட்டால் துள்ளிக் குதித்துவிடுவீர்கள். கந்தகம்! கந்தகம் ஊட்டிய கரித்துண்டுகளின் மேல் வாயுவை ஓடவிட்டால், பாதரசம் கந்தகத்தோடு கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். அரும்பாடுபட்டு வெளியேற்றிய அதே தனிமம், இன்னொரு ஆலையில் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறது!

மணியாகி, உரமாகி

தொடக்கத் திட்டப்படி ஷாவில் தினமும் உருவாகும் கந்தகம் சுமார் 9,000 டன். உருகிய கந்தகத்தில் கரைந்திருக்கும் மிச்சசொச்ச நச்சுவாயுவையும் வெளியேற்றிவிட்டு, சுழலும் பீப்பாய்களுக்குள் தெளிக்கிறார்கள். சின்ன விதைத்துகள் மேல் ஒரு பூச்சு, அது காய்ந்ததும் இன்னொரு பூச்சு என்று மணி வளர்கிறது. தூசு பறக்கக் கூடாது, ஏனெனில் கந்தகத் தூசு காற்றில் வெடிக்கும். மணியாக்குவதன் நோக்கமே பாதி அதுதான். பிறகு ரயில். சுமார் 260 கிலோமீட்டர் பாலைவனத்தைக் கடந்து ருவைஸ் துறைமுகம், அங்கிருந்து கப்பல். எத்திஹாத் என்னும் அந்நாட்டு ரயில்வேயின் முதல் பாதையே இந்தக் கந்தகத்துக்காகத்தான் போடப்பட்டது. ஒரு நாட்டின் ரயில்வே கந்தகம் சுமந்து பிறந்திருக்கிறது!

இவ்வளவையும் வாங்குவது யார்? நிலம். கந்தகத்தின் பெரும்பகுதி கந்தக அமிலமாகிறது. அந்த அமிலம் பாஸ்பேட் பாறையைக் கரைத்து, டிஏபி போன்ற உரங்களாக்குகிறது. வயலுக்குப் போகும் டிஏபி மூட்டைக்குப் பின்னால் கந்தகம் இருக்கிறது. டயருக்கு உறுதி தருவதும், சிவகாசி மத்தாப்பில் எரிவதும் கந்தகமே. ஒரு காலத்தில் இதற்கெல்லாம் சுரங்கக் கந்தகம்தான் ஆதாரம். சூடான நீரைப் பூமிக்குள் செலுத்தி உருக்கி எடுக்கும் ஃபிராஷ் முறைச் சுரங்கங்களில் அமெரிக்காவின் கடைசிச் சுரங்கம் 2000-இல் மூடப்பட்டது. எரிவாயுவிலிருந்தும் கச்சா எண்ணெயிலிருந்தும் பிரித்தெடுக்கும் கந்தகமே உலகுக்குப் பெரும்பாலும் போதும் என்றாகிவிட்டது.

கடைசியாக ஒரு செய்தி. கந்தகத்தை இவ்வளவு கறாராக நீக்கிய பிறகு, நம் வீட்டு சிலிண்டரில் நிரப்பும் வாயுவில் எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைத் துளியளவு வேண்டுமென்றே கலக்கிறார்கள்! சமையல் வாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. 1937 மார்ச் 18-இல் அமெரிக்காவின் டெக்சாஸில், நியூ லண்டன் பள்ளியில் வாசனையில்லாத எரிவாயு கசிந்து வெடித்ததில் சுமார் 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தார்கள். வாயுவில் வாசனை சேர்ப்பதைச் சட்டமாக்கியது அந்தத் துயரம்தான். எனவே வீட்டில் அந்த நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

நம் தெருவுக்கு வராத மானிட்டர்

இவ்வளவு உற்சாகமாகச் சுற்றிக் காட்டியதற்கு ஒரு காரணம் உண்டு. 23 சதவீத ஹைட்ரஜன் சல்ஃபைடு ஓடும் ஆலையில் மனிதர்கள் பத்திரமாக வேலை செய்ய முடிகிறது. வாயுவின் குணம் முழுக்கத் தெரியும், மானிட்டர் உண்டு, முகமூடி உண்டு, காற்றைச் சோதிக்காமல் எந்தக் குழிக்குள்ளும் இறங்க அனுமதிச் சீட்டு கிடைக்காது. அதே வாயுதான் நம் ஊர்க் கழிவுநீர்க் குழியிலும் செப்டிக் டேங்கிலும் உருவாகிறது. அதே கனம், அதே மரத்துப்போகச் செய்யும் குணம். அங்கே இறங்குகிறவருக்கு மட்டும் மானிட்டரும் கிடையாது, முகமூடியும் கிடையாது. ஒருவர் விழ, தூக்கப் போனவரும் விழுந்தார் என்ற செய்தியை எத்தனை முறை படித்துவிட்டோம்!

இவ்வளவு மோசமான வாயுவை உரமாக்கத் தெரிந்த மனிதகுலத்துக்கு, ஒரு குழியை ஆள் இறங்காமல் சுத்தம் செய்வது முடியாத காரியம் அல்ல. பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை இந்தியாவின் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கழிவுநீர்க் குழியில் இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பணம் உயிரைத் திருப்பாது. உங்கள் வீட்டு செப்டிக் டேங்க் நிறைந்தால் 14420-ஐ அழையுங்கள், உறிஞ்சும் லாரியை வரச் சொல்லுங்கள். எவ்வளவு அவசரமானாலும், யார் முன்வந்தாலும், ஒரு மனிதரையும் உள்ளே இறக்காதீர்கள்.